நத்தத்தனாரின் குடும்பப்பெயர் யாது?

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலை அடுத்துக் கிடப்பது. இன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியின் பெயராக அது வழங்கிவருகின்றது. இத்துணை நூற்றாண்டு கடந்தும் நாட்டின் பெயர் மாறாது நிற்கின்றது. அந்நாட்டுப் புலவரின் பெயரோ எம் கையில் ஒரு கட்டத்துள் அடங்காது நின்றது. அந்நிகழ்ச்சியே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

சங்கப் புலவர் முதலாக இக்கால ஆசிரியர் ஈறாக, தமிழ் நூலாசிரியர் பெயர்களைக் கணினித் தரவுத்தளமாகத் தொகுக்கும் பணியொன்றில் மாணவர் சிலருடன் யாம் ஈடுபட்டிருந்தோம். யாம் மேற்கொண்ட அமைப்பில் ஆசிரியர் பெயருக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன: ஒன்று குடும்பப்பெயர், மற்றொன்று இடுபெயர். முன்னையதை வெறுமையாக விடுதற்கு வழியில்லை. ஆகவே, பெயரின் இறுதிச்சொல்லே குடும்பப்பெயர் என ஒரு விதி செய்துகொண்டோம். வந்த பயன் நகைப்பிற்கு இடமாயிற்று. நத்தத்தனார் என்பது குடும்பப்பெயராகவும், இடைக்கழிநாட்டு நல்லூர் என்பது தாய்தந்தையர் இட்ட பெயராகவும் பதிவாயின. ‘அடிகள்’ என்னும் ஒரே குடும்பத்தில் இளங்கோவும் மறைமலையும் உடன்பிறந்தார்போல் அமர்ந்தனர். இப்பிழையைத் தூய்மை செய்யப் புகுந்து, முதற்சொல்லே குடும்பப்பெயர் என விதியைத் திருப்பினோம். அப்பொழுது மதுரை என்பது பெருங்குடும்பமாயிற்று. கணக்காயனாரும் மருதன் இளநாகனாரும் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரும் ஒரு வீட்டாராயினர். ஒரு பிழையைப் போக்க மற்றொரு பிழை புகுந்தது. குறை கருவியினுடையதன்று, எம்முடையதே. பெயரை ஆராயாமல் பெயர்க்கு விதி வகுத்தோம்.

தரவுத் தூய்மை என்று இன்று பேசப்படுவது யாது? ஒருவரே இருவராகத் தோன்றாமலும், இருவர் ஒருவராக மயங்காமலும், ஒரு பெயரின் உறுப்புகள் தத்தம் இடத்தில் நிற்குமாறும் பதிவுகளைச் சீர்செய்தல் என்று சுருங்கக் கூறலாம். நோக்கம் நன்று. ஆயின், உறுப்புகளின் இடம் இன்னது என முன்னரே ஒரு மொழியின் வழக்கைக்கொண்டு முடிவுசெய்துவிட்டுப் பிறிதொரு மொழியின் பெயர்களை அதனுள் நிரப்புதல் தூய்மையாகாது. தமிழ்ப் பெயரில் குடும்பப்பெயர் போலத் தோன்றும் சொற்கள் பல. அவை ஊரைக் குறிக்கும், தந்தையைக் குறிக்கும், குடியைக் குறிக்கும், தொழிலைக் குறிக்கும், அரசன் தந்த பட்டத்தைக் குறிக்கும். சொல்லை இடம்பெயர்த்து வைப்பதைவிட, அச்சொல் அப்பெயருள் செய்யும் தொழிலை அறிந்து குறித்தலே தூய்மையென்பது எம் கருத்து. இதனைத் தொண்டை நாட்டுச் சான்றுகள் சில கொண்டு ஆராய்வோம்.

இலக்கணம் காட்டும் நெறி

பெயர்களின் வகையை முதலில் ஆராய்ந்தவர் கணினியாளர் அல்லர். தொல்காப்பியர் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்து நிலம், குடி, குழு, வினை, உடைமை, பண்பு முதலியவற்றை அடியாகக்கொண்டு பெயர் பிறத்தலைக் கூறுகின்றார். இப்பகுப்பு இக்காலத் தரவுத்தளத்தின் கட்டங்களை ஒத்திருத்தலை நோக்குக. ஒரு வேறுபாடு உண்டு. பெயரின் எவ்விடத்தில் இச்சொல் நிற்கும் என்பதைக்கொண்டு அவர் வகுத்திலர். எதனால் இப்பெயர் வந்தது என்பதைக்கொண்டு வகுத்தனர்.

கிளவியாக்கத்தில் இரண்டு விதிகள் எம் பொருளுக்கு நேரே பயன்படுவன. சிறப்பினால் வந்த பெயரும் இயற்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரை முன்னர்க் கூறுதல் வழக்கன்று என்பது ஒன்று. எனவே, பழைய தமிழ் மரபில் ஒருவரின் இயற்பெயர் இறுதியிலே நிற்கும். ஊரும் தொழிலும் சிறப்பும் அதற்கு முன் நிற்கும். மேனாட்டு முறையில் குடும்பப்பெயர் நிற்கும் இடத்தில் தமிழில் இடுபெயர் நிற்கின்றது. நத்தத்தனார் என்னும் இயற்பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிய எம் முதல் விதி இவ்வடிப்படையை மறந்ததன் விளைவேயாகும்.

மற்றொரு விதி இன்னும் நுட்பமானது. ஒருவனைக் குறிக்கும் பல பெயர்களுக்குத் தனித்தனியே வினை கொடுத்துக் கூறலாகாது என்பது அது. இதற்கு எடுத்துக்காட்டுத் தரும் உரையாசிரியர், ஆசிரியன் எனவும் பேரூர்கிழான் எனவும் செயிற்றியன் எனவும் இளங்கண்ணன் எனவும் சாத்தன் எனவும் ஒருவனுக்கே பெயர்களை அடுக்கி, இறுதியில் ஒரே வினையால் முடித்துக் காட்டுவர். ஒவ்வொரு பெயர்க்கும் வேறு வினை கொடுப்பின் கேட்போன் ஐவர் எனக் கருதுவான். ஒருவரைப் பல பதிவுகளாகப் பெருக்கும் பிழையைத்தான் இவ்விதி தடுக்கின்றது. தரவுத்தளம் செய்வோர் இன்று பெரிதும் அஞ்சும் பிழையும் இதுவே.

தந்தை பெயரும் தமிழ்ப் பெயருள் அமைவதுண்டு; ஆயின் தனிச்சொல்லாக அமையவேண்டும் என்னும் கட்டாயமில்லை. தந்தை பெயரோடு மகன் பெயர் புணருங்கால் இடையே அம் என்னும் சாரியை வருதலை எழுத்ததிகாரம் கூறும். சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் எனப்படுவான். இவ்விதியைக்கொண்டு நோக்கின், பெரும்பாணாற்றுப்படையை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், உருத்திரன் என்பாரின் மகனாராகிய கண்ணனார் எனக் கொள்ளுதற்கு இடமுண்டு. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியவர் இவர். இவர் பெயரில் ஊர் உண்டு, தந்தை உண்டு, இயற்பெயர் உண்டு, சிறப்பு விகுதி உண்டு. ஆயின் இடைவெளியோ ஒன்றே. இடைவெளி கண்ட இடத்தில் மட்டும் வெட்டும் கணினி, உருத்திரனைக் காணவே காணாது.

காணாததைக் கண்டதாகக் கொள்ளும் பிழையும் நேரும். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் என்னும் பெயரில் காரி என்பதனைத் தந்தை பெயராகவும் கொள்ளலாம். கருமை குறித்த அடையாகவும் கொள்ளலாம். நத்தத்தனார் என்பதனை ஊர்நத்தம் என்னும் சொல்லோடு இயைத்துப் பிரிக்கப் புகுவாரும் உளராவர். நக்கீரர், நப்பூதனார், நச்செள்ளையார் என்பவற்றில் நிற்கும் ந என்னும் சிறப்புப்பொருள் முன்னொட்டே இங்கும் நிற்கின்றது, தத்தன் என்பதே இயற்பெயர் என்பதை அறிந்தார்க்கு அம்மயக்கம் இல்லை. ஆகவே பெயரைப் பிரித்தல் எழுத்தெண்ணும் வேலையன்று. இலக்கணமும் வரலாறும் அறிந்து செய்யும் உரைவேலை.

குன்றத்தூரும் மாமல்லபுரமும்

தமிழர்க்குக் குடும்பப்பெயரே இல்லையென்று சிலர் கூறுவர். அதுவும் முழுதும் பொருந்துவதன்று. இதற்குச் சான்றாவார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய குன்றத்தூர் அவர் ஊர். அருண்மொழித்தேவர் என்பது அவர் இயற்பெயர் என்று மரபு கூறும். சேக்கிழார் என்பதோ குடிப்பெயர். அவர் தம்பியார் பாலறாவாயரும் அக்குடியினரே. ஆக, பெரும்புலவர் ஒருவரை நாம் எட்டு நூற்றாண்டுக்கு மேலாகக் குடிப்பெயராலேயே வழங்கிவருகின்றோம். குடும்பப்பெயர்க் கட்டம் உண்மையிற் பொருந்தும் சில தமிழ்ப் பெயர்களுள் இது ஒன்று. ஆனால் எம் விதிப்படி ஒற்றைச்சொல்லாக வந்த இப்பெயர் எவ்வாறு பதியப்பட்டது? ஒரே சொல்லை இரு கட்டத்திலும் இட்டு, சேக்கிழார் சேக்கிழார் என்று பதிந்திருந்தது! குடிப்பெயர் உள்ள இடத்திலும் அதைக் குடிப்பெயர் என்று அறியாமலே கட்டத்தை நிரப்பினோம்.

இவ்வாய்வில் ஒரு சிக்கலும் உண்டு. பிற்காலச் சோழர் கல்வெட்டொன்று குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் ராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என்பாரைக் குறிக்கின்றது. ஊர், குடி, இயற்பெயர், பட்டம் ஆகிய நான்கும் இவ்வொரு பெயரில் முறையாக அடுக்கப்பட்டுள்ளன. ‘ஆன’ என்னும் சிறுசொல் இயற்பெயர் முடிந்து பட்டம் தொடங்கும் எல்லையைக் காட்டுகின்றது. உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டம் புலவர்க்கும் உரியது என்பதைக்கொண்டு, இவரும் பெரியபுராண ஆசிரியரும் ஒருவரே எனக் கருதினாரும் உளர். இயற்பெயர் வேறாதல் நோக்கி வேறெனக் கருதினாரும் உளர். தரவுத்தளத்தில் இருவரையும் ஒரு பதிவாக இணைத்துவிடின் முதற்கொள்கை உண்மையென அமைதியாக முடிவுசெய்யப்பட்டுவிடும். பின்வரும் மாணவர் அங்கு ஒரு வினா இருந்ததென்பதையே அறியார்.

மாமல்லபுரம் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு. அங்குத் தருமராச இரதத்தின்மீது பல்லவ மன்னரின் சிறப்புப்பெயர்கள் பல வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அத்யந்தகாமன் என்னும் பெயர் அவ்விரதத்திலும் கணேச இரதத்திலும் வேறு மண்டபங்களிலும் காணப்படுகின்றது. சாளுவன்குப்பத்துக் குகைக்கோயிலில் அதிரணசண்டன் என்னும் பெயர் காணப்படுகின்றது. இப்பெயர்கள் ஒரு மன்னர்க்கே உரியனவா, பல மன்னர்க்கும் பொதுவா? பல மன்னர்க்கு உரியன எனக்கொண்டு, கோயில்களை மாமல்லன், பரமேசுவரன், இராசசிம்மன் ஆகியோர் காலத்தனவாகப் பகுத்துக் கூறுதல் நெடுங்காலம் நிலவிய முறை. 1962-இல் இரா. நாகசாமி, இவையனைத்தும் இராசசிம்மன் ஒருவனையே குறிப்பன என்று வாதிட்டார். அக்கொள்கையை ஏற்றாரும் உளர், மறுத்தாரும் உளர். பெயர்களைச் சேர்ப்பதா பிரிப்பதா என்னும் ஒரு முடிவில் மாமல்லபுரத்துக் கற்றளிகளின் காலவரலாறே தங்கியிருத்தலை எண்ணிப் பார்க்க. தூய்மை என்னும் பெயரால் இப்பதிவுகளை ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி இணைப்பாராயின், அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட விவாதத்தை அழுத்தி அடைக்கின்றார் என்பதே பொருள்.

இதே தொண்டை நாட்டில் பெயரை நன்கு பேணிய முறையொன்றும் இருந்தது. உத்தரமேரூர்ச் சபையின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்புதோறும் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பட்டு, இன்ன குடும்பு எனக் காட்டும் ஓலையும் கட்டின்மேல் பூட்டப்பட்டது. ஒரே பெயருடையார் இருவர் வேறு குடும்பில் இருப்பினும் மயக்கம் நேராது. அவர் பெயரை மாற்றாமலே, அதனைச் சூழ்ந்த செய்தியால் ஆளை வேறுபடுத்தினர். குடும்பு என்பது ஈண்டு ஊர்ப்பகுதி, குடும்பப்பெயர் அன்று. அடையாளத்திற்குக் குடும்பப்பெயர்தான் வேண்டும் என்பதில்லை என்பதை இஃது உணர்த்தும்.

இரு தொகுப்புகள்

தமிழ்ப் பெயர்த்தரவைச் சீர்செய்த முயற்சிகள் இரண்டினை ஈண்டு மதிப்பிடுதல் பொருந்தும். முதலாவது, 1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு. ச. வையாபுரிப் பிள்ளை முதலியோர் உழைப்பால் வெளிவந்த அப்பதிப்பில் பாட்டும் தொகையுமாகிய நூல்கள் நூல்வரிசையை விடுத்துப் புலவர்வரிசையில் அமைக்கப்பட்டன. 473 புலவர் பெயரும் 2381 பாடல்களும் கணக்கிடப்பட்டன. ஆசிரியர் பெயர் காணப்பெறாத பாடல் 102. கணினி வருதற்கு முன்னரே, கையெழுத்துச் சுவடிகளும் அச்சுப் பதிப்புகளும் ஒப்பிட்டுச் செய்யப்பட்ட பெயர்த்தரவுத் தூய்மை என இதனைக் கூறின் மிகையாகாது.

இப்பதிப்பின் பெருமை, கபிலர், பரணர் போன்றோரின் பாடல்களையெல்லாம் ஒருங்கே வைத்துப் புலவரின் ஆளுமையைக் காணச் செய்தமை. அதனாலேயே தனிப்புலவர் ஆராய்ச்சி பெருகிற்று. ஆயின், புலவர் வரிசை என்பதே ஒரு கொள்கை என்பதை நாம் மறத்தலாகாது. மருதன் இளநாகனார் எனச் சில பாடல்களிலும், மதுரை மருதன் இளநாகனார் எனச் சில பாடல்களிலும் பெயர் காணப்படும்பொழுது, இருவரா ஒருவரா என்னும் வினா எழும். ஊர்ப்பெயர் விடுபட்டது எழுதுவோர் சுருக்கத்தால் ஆகலாம். ஊர்ப்பெயர் சேர்க்கப்பட்டதே மற்றொருவரினின்று பிரித்தற்காகவும் ஆகலாம். அடைமொழி இருத்தலும் சான்று, இல்லாமையும் சான்று. 473 என்னும் எண்ணை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுவோர், அது எண்ணிக் கண்ட தொகையாதலோடு ஆராய்ந்து கொண்ட முடிபுகளின் தொகையும் ஆதலை உணர்தல் வேண்டும்.

மற்றொன்று, நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுய் ஆகிய மூவரும் செய்த சோழர் கல்வெட்டுப் பெயர் அடைவு. 1978-இல் மதுரைச் சர்வோதய இலக்கியப் பண்ணை வாயிலாக மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்துக் கணினியின் துணையால் அடைவுசெய்த இப்பணி, தமிழ்ப் பெயராய்வில் ஒரு திருப்பம். அவர்கள் பெயரைக் குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டாகப் பிளக்கவில்லை. ஊருடைமை காட்டும் உடையான், கிழான் என்பன, மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன் முதலிய பட்டங்கள், தந்தை பெயர், இயற்பெயர் என உறுப்புகளாகக் கண்டனர். அவ்வாறு கண்டமையால், பட்டம் பெற்றோர் யாவர், நிலம் உடையோர் யாவர், எக்காலத்தில் எப்பட்டம் மிகுந்தது என்னும் சமூக வரலாற்று வினாக்களுக்கு விடை காணும் வாயில் திறந்தது. மூவேந்தவேளான் என்பதைக் குடும்பப்பெயராகக் கொண்டிருப்பின், சோழர் அதிகாரிகள் பலரும் ஒரு குடும்பத்தாராக முடிந்திருப்பர். அரசு தந்த பட்டம் என்னும் உண்மை மறைந்திருக்கும். உறுப்பின் தொழிலறிந்து குறித்தலால் விளையும் நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செங்கற்பட்டில் நிகழ்ந்தது

பழம்பெயர்களோடு இச்சிக்கல் முடிவதில்லை. பிள்ளை, முதலியார், ஐயர், நாயக்கர், நாடார் முதலிய சாதிப்பட்டங்கள் பிற்காலத்தில் பெயரின் இறுதியில் நின்று வழங்கின. மேனாட்டு நூலக அட்டவணைகளிலே அவை குடும்பப்பெயராகக் கொள்ளப்பட்டன. வையாபுரிப் பிள்ளையைப் பிள்ளை என்னும் சொல்லின்கீழ்த் தேடவேண்டிய நிலையைப் பலரும் அறிவர். இப்பட்டங்கள் பரம்பரையாக வந்தமையால் குடும்பப்பெயர்க்கு மிக அணியவை என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்திற்கு விடை செங்கற்பட்டிலேயே உள்ளது.

1929 பிப்ரவரி 17, 18 ஆம் நாள்களில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு செங்கற்பட்டில் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடைபெற்றது. பெண்களுக்குச் சொத்துரிமை முதலிய பல தீர்மானங்களோடு, சாதியைக் குறிக்கும் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து வழங்குதலைக் கைவிடவேண்டும் என்னும் தீர்மானமும் அங்கு நிறைவேறிற்று. அதன்பின் தமிழ்நாட்டில் பட்டம் நீக்கிய பெயரே பொதுவழக்காக வேரூன்றியது. இன்று தமிழர் பெயரில் இறுதிச்சொல் இல்லாதிருத்தல் கவனக்குறைவால் நேர்ந்த வெற்றிடம் அன்று; மக்கள் ஆராய்ந்து விட்ட இடம். அவ்வெற்றிடத்தை நிரப்புமாறு கட்டளையிடும் தரவுத்தளம், அறியாமலேனும், அவர் விட்டதை மீண்டும் கேட்கின்றது.

இதனாலேயே தூய்மை செய்வோர்க்கு இங்கு இரு திசையிலும் இடறல் உண்டு. பட்டம் துறந்த ஒருவர் பெயரோடு, பழைய பதிவொன்றில் கண்டதைக்கொண்டு அப்பட்டத்தை மீண்டும் ஒட்டுதல் அவர் விருப்பத்தை மீறுவதாகும். அவ்வாறே, பட்டத்தோடு அச்சான பழைய நூலின் முகப்புப் பெயரிலிருந்து அதனை இக்காலக் கண்கொண்டு நீக்குதலும் வரலாற்றைத் திருத்துவதாகும். அந்நூல் எக்காலத்தில், எவ்வழக்கில் வந்தது என்பதற்கு அம்முகப்பே சான்று. ஈ. வெ. இராமசாமியின் தொடக்ககாலப் பதிவுகளில் நாயக்கர் என்னும் சொல் இருத்தலும், பின்னர் இல்லாதிருத்தலும், பெரியார் என்னும் சிறப்புப்பெயரே நிலைபெறுதலும் ஒரு வாழ்க்கையின் மூன்று நிலைகள். மூன்றனையும் ஒருவர்க்கே உரியனவாக இணைத்தல் வேண்டும்; ஒன்றைக்கொண்டு மற்றவற்றை அழித்தல் கூடாது.

பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளும் இவ்வாறே. வேதாசலம் என்னும் இயற்பெயரை 1916-இல் தமிழாக்கி மறைமலை எனக் கொண்டார். அதற்கு முன் வெளிவந்த நூல்கள் பழைய பெயரோடு வெளிவந்தன. ஈரிடத்தும் ஆசிரியர் ஒருவரே. பெயரை மாற்றிக்கொண்டமையோ தமிழியக்க வரலாற்றில் ஒரு செய்தி. இரு பெயர்களுள் ஒன்றைப் பிழையெனத் திருத்தும் தூய்மை, அச்செய்தியைத் துடைத்துவிடும்.

தலைப்பெழுத்தும் எல்லைச்சாவடியும்

பட்டம் நீங்கிய இடத்தில் தமிழர் கைக்கொண்ட முறை தலைப்பெழுத்து. உ. வே. சா. என்பதில் உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் தந்தையார். ஈ. வெ. என்பதில் ஈரோடு ஊர், வெங்கட்டர் தந்தையார். தொல்காப்பிய மரபுப்படி இயற்பெயர்க்கு முன்னே நிற்கும் அடைகளே சுருங்கித் தலைப்பெழுத்தாயின என்று கூறலாம். ஒரே எழுத்தாகச் சுருங்கியமையால் ஊரோ தந்தையோ என்பது பதிவை மட்டும் நோக்கின் விளங்காது. எழுத்தை விரிக்கும்பொழுது சான்றின்றி விரித்தல் கூடாது.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்னும் கட்டம் உண்டு. அதனுள் தந்தை பெயரை எழுதுவோர் பலர். மகனுக்குத் தந்தை பெயரும், பேரனுக்கு அம்மகன் பெயரும் குடும்பப்பெயராகும். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப்பெயர். கட்டத்தை வெறுமையாக விட்டாரும் இடருற்றனர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகளின் அதிகாரிகள், ஒற்றைப்பெயர் மட்டும் உடைய கடவுச்சீட்டினரைச் சுற்றுலா முதலிய நுழைவிசைவில் ஏற்பதில்லை என அறிவித்தனர். கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர்த் தெளிவுபடுத்தப்பட்டது. பெயரின் இலக்கணம் அறியாத கட்டம் ஒருவரின் பயணத்தையே தடுக்கவல்லது என்பதற்கு இது போதும். மலேசியத் தமிழர் பதிவுகளில் இன்னார் மகன், இன்னார் மகள் எனப் பொருள்படும் குறி தந்தை பெயர்க்கு முன் எழுதப்படுகின்றது. அழகு குறைந்ததேனும் அம்முறை உண்மையைக் கூறுகின்றது. தந்தை பெயரைக் குடும்பப்பெயர் என்று பொய்யாகக் காட்டுவதில்லை.

நூலகவியலாளர் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தனர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிநூலில் தென்னிந்தியப் பெயர்களுக்கெனத் தனிவிதி வகுத்தார். 1961-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடும், ஓர் ஆசிரியர் பெயரில் தலைச்சொல் எது என்பதை அவர் நாட்டு வழக்கைக்கொண்டே துணிதல் வேண்டும் என்று கொள்கை வகுத்தது. விதி இல்லாமையால் நாம் பிழைசெய்யவில்லை. இருந்த விதியை நோக்காமல் கருவியின் கட்டத்தையே விதியாகக் கொண்டமையால் பிழைசெய்தோம்.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன ஐந்து. முதலாவது, சுவடியிலும் கல்லிலும் நூல்முகப்பிலும் பெயர் எவ்வாறு உள்ளதோ அவ்வடிவை ஓரெழுத்தும் மாற்றாது தனியே பேணுதல் வேண்டும். திருத்தமெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கவேண்டுமேயன்றி அதன்மேல் எழுதப்படலாகாது. இரண்டாவது, பெயரின் உறுப்புகளை ஊர், நாடு, தந்தை, குடி, தொழில், பட்டம், இயற்பெயர் எனத் தொழில்பற்றிக் குறித்தல் வேண்டும். மூன்றாவது, ஆள் வேறுபாட்டைப் பெயரால் மட்டும் துணியாது, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, அவர்க்குரிய பெயர்கள் அனைத்தையும் அதன்கீழ்ச் சேர்த்தல் வேண்டும். நான்காவது, இருவரை ஒருவராகச் சேர்க்கும்பொழுதும் ஒருவரை இருவராகப் பிரிக்கும்பொழுதும் காரணத்தையும் அவ்வாறு துணிந்தவரையும் பதிந்து, மீண்டும் மாற்றுதற்கு வழிவைத்தல் வேண்டும். ஐந்தாவது, இல்லை என்பதையும் தெரியவில்லை என்பதையும் வேறு வேறாகக் குறித்தல் வேண்டும்.

இறுதியிற் கூறியது சிறிதாகத் தோன்றும். ஆயின் எம் அனுபவத்தில் அதுவே இன்றியமையாதது. கட்டாயக் கட்டத்தை நீக்கி, எம் தொகுப்பில் சிறுபாணாற்றுப்படை ஆசிரியர் பதிவை மீண்டும் எழுதினோம். நாடு, இடைக்கழிநாடு. ஊர், நல்லூர். முன்னொட்டு, ந. இயற்பெயர், தத்தன். சிறப்பு விகுதி, ஆர். தந்தை பெயர், தெரியவில்லை. குடும்பப்பெயர், இல்லை. தத்தனாரின் தந்தையார் ஒருவர் இருந்திருத்தல் உறுதி. ஆதலின் அங்குள்ள வெற்றிடம் நம் அறிவின் குறை. ஒருநாள் ஒரு சான்று கிடைப்பின் அது நிரம்பலாம். குடும்பப்பெயர் என்பதோ அவர்க்கு என்றும் இருந்ததன்று. அங்கு நிரப்புதற்கு எதுவுமில்லை. இவ்விரண்டனையும் ஒரே வெற்றிடமாகக் காட்டிய பழைய பதிவைவிட இப்பதிவு நீண்டது, எனினும் தூயது. ஏனைய புலவர் பெயர்களையும் இம்முறையில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகின்றோம். பிழை காணும் அறிஞர் எடுத்துக்காட்டுவாராயின் நன்றியுடன் ஏற்போம்.